ஏசி நின்ற அறை

அன்புள்ள ஜெபாவுக்கு,

அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். உன் போன் ரிப்பேரில் கிடக்கிறது. அம்மா போனில் பேசினால் அவர்கள் பக்கத்தில் நின்று கேட்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கும்மிடிப்பூண்டி கிடங்கில் ராணுவ லாரிகளின் உதிரி பாகங்களை வைக்கிறோம் அல்லவா? செலவைக் குறைக்கச் சொன்னார்கள் என்று, பிரேக் ரப்பர் அறையில் ஏசியை நிறுத்திவிட்டார் சூப்பர்வைசர் முனுசாமி. "ரப்பருக்கு இன்னாத்துக்குபா ஏசி? கரண்டு பில்லு ஏறிக்கினே போவுது" என்றார். கோடை முழுக்க அந்த அறை வெந்தது. நேற்று ஒரு ரப்பரை வளைத்துப் பார்த்தேன், அப்பளம் போல ஒடிந்தது. இதைப் போட்டால் வண்டியில் பிரேக் பிடிக்காது. இனி அனுப்பக் கூடாது என்று சத்தம் போட்டேன். என்னை வாசல் கேட் காவலுக்கு மாற்றிவிட்டார்கள். பரவாயில்லை, இங்கே காற்றாவது வருகிறது.

ஆனால் போன மாதமே இரண்டு பெட்டிகள் லடாக்குக்குப் போய்விட்டன. அங்கே ராணுவ லாரி ஓட்டும் தம்பி ராபினுக்கு நேற்றிலிருந்து போன் அடிக்கிறேன், லைன் கிடைக்கவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் கருப்பட்டியும் என் பழைய போர்வையும் கொடுத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை ராபின் அம்மாவுக்குப் போன் செய்யும்போது அதை வாங்கிக்கொண்டு வெளியே போ. அவன் லாரிக்குப் புது பிரேக் ரப்பர் போட்டார்களா என்று கேள். போட்டிருந்தால் வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

லோடு வண்டி ஹாரன் அடிக்கிறது, கேட்டைத் திறக்க வேண்டும்.

செல்வின்