எட்டாம் நாளைத் தாண்டிய குஞ்சுகள்

அக்கா,

இன்று காலை பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு வெளியே வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாளித் தண்ணீரில் புல்தைலம் தாராளமாக விழுந்துவிட்டது போல. படியேறும்போதே எலுமிச்சையும் பச்சைப்புல்லும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியது. நம் பக்கத்தில் இந்த எண்ணெயை விடாமல் தரை துடைத்தால் யாரும் அதைத் துடைத்ததாகவே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஒன்றரை வருடமாக இந்த வாசம் வந்தாலே நான் அந்த இடத்தை விட்டு விலகிவிடுவேன். இன்று விலகவில்லை. "டீச்சர், வழுக்கும்" என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஈரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். உனக்கு எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மூன்றாம் முறை மீன்குஞ்சுகளைக் கொன்றது கரண்டு இல்லை. நான்தான்.

வளைகுடா ஆஸ்பத்திரியில், பிறந்தவுடன் சுகமில்லாமல் போகும் குழந்தைகளைப் பார்க்கும் வார்டில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு நீ ஊர் திரும்பினாய். திருப்புறத்தில் வீடு கட்டி, கூடத்தில் நாலடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் உப்புத் தண்ணீரும் பவளமும், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்களும் விட்டாய். சொந்தக்காரர்கள் உன் நகையைப் பார்க்க வந்து மீனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் மட்டும் என்ன, யோக்கியமா? "ரெண்டு நெய்மீனை விட்டிருந்தா குழம்பாவது வச்சிருக்கலாம்" என்றேன். நீ சிரிக்கவில்லை. "மக்கா, பெரிசு பொண்ணாக்கும், சின்னது ஆணு. அவ ஒண்ணு பாத்தாப் போதும், அவன் ஒதுங்கீருவான்" என்று எனக்குப் பாடம் எடுத்தாய். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர், நம்ம வீட்டு நிலவரத்தை அக்கா எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டார்.

அவை முட்டையிட்டன. பொரித்த குஞ்சுகளை நீ தனிப் பாத்திரத்துக்கு மாற்றி வளர்த்தாய். முதல் தடவை நான்கு நாளில் எல்லாம் போயின. இரண்டாம் தடவை ஆறு நாள். மூன்றாம் தடவை ஏழாம் நாளிலும் நூற்றுக்கு மேல் நீந்திக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்துக் கோட்டயத்தில் உன்னோடு வேலை பார்த்தவளின் மகளுக்குக் கல்யாணம். எனக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. "ஒரே ஒரு நாள் பாத்துக்கிடு, நாளைக்கு ராத்திரிக்குள்ள வாறேன்" என்று சொல்லித் தீனியும் நேரமும் எழுதி வைத்துவிட்டுப் போனாய்.

மறுநாள் சாயங்காலம் சபையிலிருந்து கேரல் பாட வருகிறார்கள் என்று ஆள் வந்து சொன்னார். வீட்டைப் பார்த்தேன். மண்ணும் உப்புமாகக் கிடந்தது. நாலு பேர் வருகிற வீடு வாசமாக இருக்க வேண்டாமா? ஒரு வாளித் தண்ணீரில் புல்தைலத்தை விட்டுக் கூடம் முழுக்கத் துடைத்தேன். அப்போது பாத்திரத்தில் காற்றுக்குழாய் சரிந்து கிடப்பதைக் கண்டேன். துணியைப் பிழிந்த அதே கையை உள்ளே விட்டு அதை நிமிர்த்தினேன். தண்ணீரின் மேல் எண்ணெய் மெல்லிசாக விரிந்தது. பாடகர்கள் வந்து, கேக் தின்று, வீடு நல்ல மணமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது குஞ்சுகள் எல்லாம் அடியில் கிடந்தன. அது எட்டாம் நாள்.

நீ வந்ததும், "கரண்டு போச்சு, மோட்டார் நின்னுட்டு" என்றேன். நீ பாத்திரத்தைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். "செரி, விடு. கையைக் கழுவீட்டு வா, சாப்பிடலாம்" என்றாய். நீ பொரித்திருந்த மீனை நான் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன். அதற்குப் பிறகு நீ குஞ்சு வளர்க்கவே இல்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன் வீட்டுக்கு வந்தேன். வேறு எதையாவது பேசிவிட்டுத் திரும்பினேன். பிறகு ஒரு நாள், மாரடைப்பு என்று உன் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது.

தொட்டியை நான்தான் எடுத்துக்கொண்டேன். பத்து வாளியில் தண்ணீரும் கல்லும் மீனுமாகப் பாறசாலைக்குக் கொண்டுவந்தபோது, "உனக்கு ஒரு ரோஜாச்செடி வளக்கத் தெரியாது, இது என்னத்துக்கு?" என்று இவர் கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். ஏழு மாதத்தில் பவளத்தில் பாதி வெளுத்தது. மீன்கள் இரண்டும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னை முறைப்பதாகவே எனக்குத் தோன்றும். கடைசியில் பாலராமபுரத்தில் மீன் வளர்க்கும் ஒருவர் தொட்டியை மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சனிக்கிழமை வண்டியோடு வருவதாகப் பேச்சு.

வியாழக்கிழமை மாலை ஏழு மணி இருக்கும், கரண்டு போனது. நான் கரண்டின் மேல் போட்ட பழியை அது எப்படி எடுத்துக்கொண்டதோ தெரியாது, அன்றைக்கு எனக்கு உபகாரம்தான் செய்தது. கரண்டு போனால் ஓடும்படி நீ வைத்திருந்த பேட்டரி மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க போன் வெளிச்சத்தைத் தொட்டியில் அடித்தேன். வெளிச்சத்தை நோக்கித் தூசி தூசியாக ஏதோ வந்தது. ஒவ்வொரு தூசியிலும் வெள்ளியாக இரண்டு கண்கள். பாறைக்குப் பின்னால், நீ வைத்திருந்த உடைந்த பூந்தொட்டி ஓட்டின் மறுபக்கத்தில், எனக்குத் தெரியாமலே முட்டை வைத்திருக்கிறார்கள். இருட்டினதும் பொரித்துவிட்டது.

நீ செய்ததைப் பார்த்திருக்கிறேன் அல்லவா, அக்கா? வெளிச்சத்தை ஒரு மூலையில் நிறுத்தினேன். குஞ்சுகள் அங்கே கூடக்கூட, வலை போடாமல் டம்ளரால் தண்ணீரோடு மொண்டு உன் கறுப்புப் பாத்திரத்தில் விட்டேன். அதற்கு முன்னால் முழங்கை வரை கையை வெறும் தண்ணீரில் கழுவினேன், எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. "எத்தன உண்டு?" என்று இவர் கேட்டார். முந்நூறு இருக்கும் என்றேன். "முந்நூறும் சாவதை நாம பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றார். நான் அடுத்த டம்ளரை மொண்டேன். எட்டாம் நாளைத் தாண்டி ஒரே ஒரு குஞ்சாவது பிழைக்க வேண்டும், அது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் இவர் ஸ்கூட்டரில் விழிஞ்ஞத்துக்குப் போய், அலங்கார மீன் வளர்க்கும் உன் சிநேகிதியிடமிருந்து இரண்டு பாட்டில் வாங்கி வந்தார். ஒன்றில் பாசி வளர்த்த பச்சைத் தண்ணீர். இன்னொன்றில் ரோட்டிஃபர் என்கிற, கண்ணுக்கே தெரியாத தீனிப்பூச்சி. பாலராமபுரத்துக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "சேச்சி, குஞ்ஞுங்களோ? எங்கில் தொட்டி இப்போ அனக்கண்டா" என்று, எதையும் அசைக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் என் ராஜ்ஜியம். கொசுவர்த்தி கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது. தரைக்கு வெறும் தண்ணீர்தான். "முட்டுவலிக்குத் தைலம் தேய்க்கவும் வழியில்லியா?" என்று கேட்ட மனிதரை வாசலுக்கு வெளியே உட்காரவைத்தேன். ஐந்தாம் நாளில் குஞ்சுகள் பாதியாகக் குறைந்தன. எட்டாம் நாளுக்கு லீவு கேட்டேன். தலைமையாசிரியை காரணம் கேட்டபோது, மீன்குஞ்சுகளுக்கு எட்டாம் நாள் என்று உள்ளதையே சொன்னேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று காலை நாற்பது ஐம்பது குஞ்சுகள் அடியில் கிடந்தன. பாத்திரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை கையில் எண்ணெய் இல்லை, பொய்யும் இல்லை, ஆனாலும் சாகின்றனவே என்று இருந்தது. உன் சிநேகிதிக்குப் போன் போட்டேன். "இது உருமாறுத நேரமாக்கும். தாங்காதது போவும். நீ ஒண்ணும் செய்யல. மிச்சத்துக்குத் தீனி போடு, போ" என்று அதட்டினாள். போட்டேன்.

பத்தாம் நாள் மத்தியானம் ஒரு குஞ்சின் கண்ணுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தது. என் கண்தான் மங்குகிறது என்று நினைத்து இவரைக் கூப்பிட்டேன். பேப்பர் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்தார். "பட்டை விழுந்திட்டு" என்றார். "அதா, அதுக்கும் உண்டு. அஞ்சாறு நிக்குது." அப்போது எனக்கு அழுகை வந்ததே, நீ இறந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாளி, எண்ணெய், கை, கேரல் பாட்டு, கரண்டு.

இவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார். "அது அக்காவுக்குத் தெரியும்" என்றார்.

அன்று ராத்திரி என்னைக் கூட்டிப்போக இவர் உன் வீட்டுக்கு வந்திருந்தார்; நான் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது வெளிவாசலில் வைத்து நீ அவரிடம் சொன்னாயாம். "படி கேறும்போதே மணம் வந்துதுன்னு அக்கா சொன்னா. பேட்டரி மோட்டார் வச்சிருக்கவகிட்ட கரண்டு போச்சுன்னு சொன்னியாக்கும். பேசத் தெரியுத அளவுக்கு உனக்குப் பொய் சொல்லத் தெரியல."

"பின்ன என்கிட்ட ஏன் கேக்கல?"

"அதையும் சொன்னா. வார்டுல டியூட்டி மாறும்போது, போறவ ஒவ்வொரு பிள்ளையப் பத்தியும் சொல்லி ஒப்படைச்சிட்டுத்தான் போவணுமாம். எண்ணெய் தொட்ட கைய உள்ள விடாதேன்னு அக்கா உங்கிட்ட சொல்லாம போயிட்டாளாம். 'தப்பு என் மேலயாக்கும், அவகிட்ட கேட்டா பாவம் அழுவா'ன்னா. அவளா வந்து சொன்னா மட்டும் இதச் சொல்லுன்னா. நீ இன்னைக்குத்தான் சொல்லுத."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒன்றரை வருடம் இந்த மனிதர் வாயைத் திறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார். நீயும் ஞாயிறுதோறும் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாய். நான் சொல்லியிருந்தால் அடுத்த தடவைக் குஞ்சுகளை இரண்டு பேருமாக வளர்த்திருக்கலாம், அந்த ஆற்றாமை எனக்குப் போகாது. ஆனால் கோபம் இறங்கினபோது மார்பிலிருந்து எதையோ எடுத்து வெளியே வைத்ததுபோல் இருந்தது. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் சாயங்காலம் வரை தூங்கினேன்.

போகிறவள் சொல்லி முடித்தால் மட்டும் போதாதாம். கேட்டுக்கொண்டவள், பார்த்துக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். அதற்கப்புறம்தான் முந்தினவள் வார்டை விட்டு இறங்கலாம் என்று நீ சொன்னதாக இவர் சொன்னார். அதை நான் உனக்கு இதுவரை சொல்லவில்லை.

இன்று இருபத்திரண்டாம் நாள். முப்பத்தொன்று இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தலையில் பட்டை வந்துவிட்டது, பாதிக்கு மேல் நடுப்பட்டையும் வந்தாயிற்று. ஒன்று மட்டும் சாய்ந்து நீந்துகிறது, ஆனால் நன்றாகத் தின்கிறது. காலைத் தீனி போட்டாயிற்று, தண்ணீர் மாற்றியாயிற்று. பெரியவர்கள் இரண்டு பேரும் நேற்று அந்தப் பூந்தொட்டி ஓட்டைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். மறுபடி முட்டை வரும்.

நான் பாத்துக்கிடுதேன், அக்கா. நீ போ.