குடும்பத்தினர் கையெழுத்து

நாமக்கல் விடுதி,
8.10.2024

சௌமியா அவர்களுக்கு,

தனப்பிரியா எழுதுகிறேன். ஆறு மாதமாக உங்களை அக்கா என்று கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தில் அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை.

உங்கள் பையைத் திறந்து பார்த்தது நான்தான். அம்மாவோ சேலத்து அத்தையோ பார்த்ததாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். ஒன்றைச் செய்துவிட்டு ஒளிந்துகொள்வது எனக்குப் பிடிக்காது.

காலாண்டு விடுமுறை ஒன்பது நாளும் அப்பாருவின் கட்டில் பக்கத்திலேயே இருந்தேன். சோற்றை வாயில் வைத்தபடியே தூங்கினார். எழுந்து நடந்தால் கால் பின்னியது. நான் யார் என்று கேட்டேன். பேத்தி என்று சொல்லாமல், செத்துப்போன தன் தங்கையின் பெயரைச் சொன்னார். மே மாதத்தில் இதே அப்பாருவுக்குத் தினமும் செய்தித்தாள் படித்துக் காட்டினேன். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை வேண்டுமென்றே மாற்றிப் படித்தால், "நேத்து என்ன சொன்னே, இன்னைக்கு என்ன சொல்றே?" என்று பிடித்துவிடுவார். நான்கு மாதத்தில் ஒரு மனிதர் இப்படி ஆவாரா என்று யோசித்தேன். உங்கள் பையில் பதினெட்டு அட்டை தூக்க மாத்திரை இருந்தது. விடை கிடைத்துவிட்டது.

நோயாளி தூங்கினால் பார்த்துக்கொள்பவருக்கு வேலை இல்லை. வீட்டுக்கு வந்து முதியவர்களைக் கவனிக்கும் சிலர் இப்படிச் செய்வதாகப் பள்ளி நூலகத்தில் ஒரு கட்டுரை படித்தேன். நீங்களும் அப்படிப்பட்டவர் என்று நான் நினைத்ததில்லை. அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது. சவரம் செய்துவிடும்போது கன்னத்தை நாக்கால் உள்ளிருந்து தள்ளச் சொல்லி அவரைச் சிரிக்க வைப்பீர்களே, அதெல்லாம் பொய்யா?

விடுதிக்கு வரும் கடிதங்களை வார்டன் பிரித்துப் பார்ப்பார். பதில் சொல்ல ஏதாவது இருந்தால், வீட்டிலிருந்து வந்து படிக்கும் என் தோழி சௌந்தர்யாவின் முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது.

தனப்பிரியா
பதினொன்றாம் வகுப்பு


சேந்தமங்கலம்,
14.10.2024

தனப்பிரியாவுக்கு சௌமியா எழுதுவது.

உன் கடிதத்தை நான் ஒரு தடவை படித்தேன். பிறகு எங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அடுத்தவ பைக்குள்ள கைய உட்டவ, ஒளிய மாட்டேன்னு வேற சொல்றாளா?" என்று கேட்டது.

பதினெட்டு அட்டை என்று எண்ணினாயே, ஒன்றையாவது திருப்பிப் பார்த்தாயா? எதிலும் ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. நான் கொடுத்திருந்தால் அட்டை எப்படி நிறைந்திருக்கும்? படிக்கிற பிள்ளைக்கு அது தோன்றவில்லையா?

உங்கள் அப்பாருவுக்குப் படுக்கும் முன் மாத்திரை மூன்று. ஒன்று உன் அத்தை தன் சேலத்து டாக்டரிடம் காட்டி வாங்கியது. ஒன்று உன் அப்பா ஈரோட்டு டாக்டரிடம் வாங்கியது. இன்னொன்றை உன் அம்மா பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்குகிறார். ஒரு டாக்டர் சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டினால் கோபித்துக்கொள்வார் என்று யாரும் காட்டவில்லை. அட்டைகளில் பெரிய எழுத்தில் மூன்று கம்பெனி வைத்த மூன்று பெயர். கீழே பொடி எழுத்தில் மூன்றிலும் ஒரே மருந்து. எண்பத்திரண்டு வயது உடம்புக்குள் ஒரே மருந்து மூன்று பங்கு போகிறது.

உன் அம்மாவிடம் சொன்னேன். "எம் மாமனாருக்கு அவரு பெத்த புள்ளைங்க வாங்கிக் குடுத்தது. நிறுத்துனா நாத்தனாருக்கு நானல்ல பதில் சொல்லோணும்? நீ குடுக்கறதக் குடு" என்றார். ஒன்றை மட்டும் கொடுத்தேன். மற்ற இரண்டையும் பிரிக்காமல் பையில் போட்டேன். நீ மே மாதத்தில் பார்த்த அப்பாரு, ஒரு மாத்திரை சாப்பிட்ட அப்பாரு. புரட்டாசிக்கு வந்து தங்கிய உன் அத்தை மாத்திரை டப்பாவைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நீ விடுமுறையில் பார்த்தவர், மூன்று மாத்திரை சாப்பிட்டவர்.

அட்டைகளைக் குப்பையில் போட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். உன் அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஒடிசாவிலிருந்து வரும்போது முன்னால் வைத்துக் காட்டலாம் என்று சேர்த்து வைத்தேன். மாத்திரையைத் திருடினேன் என்று உங்கள் வீட்டிலிருந்து சொன்னதால், என்னை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியில் இப்போது என் பெயருக்கு நேரே திருட்டு என்று எழுதியிருக்கிறார்கள். இனி எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டார்களாம்.

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இப்போது யார் இருக்கிறார்கள், எத்தனை மாத்திரை கொடுக்கிறார்கள்? போய் அதைக் கேள்.

சௌமியா


நாமக்கல் விடுதி,
21.10.2024

சௌமியா அவர்களுக்கு,

கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறைத் தொலைபேசியில் எங்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம். அம்மா சந்தோஷமாகப் பேசினார். "இப்ப நானே மூணு மாத்திரையும் நேரந்தவறாமக் குடுக்கறேன் சாமி. அப்பாரு சத்தமே இல்ல. ஊடே அமைதியா இருக்குது" என்றார். ஒன்றை மட்டும் கொடுங்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொல்லத் தொடங்குவதற்குள் வரிசையில் அடுத்து நின்றவள் இருமினாள். நேரம் முடிந்துவிட்டது.

நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். இருந்தாலும் என் கோபம் போகவில்லை. உண்மை தெரிந்த நீங்கள் அதைப் பையில் ஏன் ஒளித்து வைத்தீர்கள்? மே மாதம் முழுவதும் நான் வீட்டிலேயே இருந்தேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், அப்பாவிடம் பேசத் தெரியும். ஒரு வார்த்தை எழுதிக் காட்டியிருக்கலாமே? எழுதியிருந்தால் நான் விட்டிருப்பேனா?

தனப்பிரியா


சேந்தமங்கலம்,
25.10.2024

தனப்பிரியாவுக்கு,

எழுதினேன். அப்பாருவைப் பற்றித் தினமும் நான் எழுதி வைத்த நீல நோட்டில், மே 17. பக்கத்தின் அடியில் ‘குடும்பத்தினர் கையெழுத்து’ என்ற இடத்தில் யார் போட்டிருக்கிறார்கள் என்று பார்.

சௌமியா


மல்லசமுத்திரம்,
3.11.2024

சௌமியா அக்கா,

அப்பாரு விழுந்துவிட்டார். 28ஆம் தேதி காலையில், கழிப்பறை வாசலில். இடது இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார். என்னை விடுதியிலிருந்து கூட்டிவந்தார்கள். அப்பாவும் ஒடிசாவிலிருந்து வந்துவிட்டார்.

நோட்டு டிவிக்கு அடியில் கிடந்தது. மே 17ஆம் தேதிப் பக்கத்தில் நீங்கள் எழுதியது அப்படியே இருக்கிறது. "இரவு மாத்திரை மூன்றும் ஒரே மருந்து. அம்மாவிடம் சொல்லியாச்சு. டாக்டரைக் கேட்க வேண்டும். அவசரம்." அதற்குக் கீழே என் கையெழுத்து.

அந்த மாதம் புதிதாக ஒரு கையெழுத்து பழகிக்கொண்டிருந்தேன். பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஒரு கோட்டை இழுத்து வளைத்து அடியில் கொண்டுவர வேண்டும். அம்மாவிடம் கெஞ்சி, நோட்டில் கையெழுத்துப் போடும் வேலையை வாங்கிக்கொண்டேன். மே முழுவதும் முப்பத்தொரு பக்கம். எந்தப் பக்கத்தில் கோடு நன்றாக வளைந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். எந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. நூலகத்துக் கட்டுரையை நான்கு தடவை படித்தேன். நம் வீட்டு நோட்டை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் மூன்று அட்டையையும் வரிசையாக வைத்தேன். அத்தை பார்க்கவே இல்லை. "எங்க டாக்டர் வெளிநாட்டுல படிச்சவருடி. அவரு குடுத்ததத் தப்புங்கறியா?" என்றார். உடனே அப்பா, "அப்ப ஈரோட்டுக்காரரு மாட்டு வைத்தியரா?" என்று கேட்டார். யாருடைய டாக்டர் பெரிய டாக்டர் என்று அண்ணனும் தங்கையும் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். உள்ளே அவர்களைப் பெற்றவர் எலும்பு முறிந்து கிடக்கிறார். கீழே இருந்த பொடி எழுத்தை நான் சத்தமாக வாசித்தேன். முதல் அட்டை, இரண்டாவது, மூன்றாவது. ஒரே சொல், மூன்று தடவை. வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா அழுதார். "அவரு முழிச்சிருந்தா விடிய விடியக் கூப்புடுவாரு. கதவத் தொறந்துக்கிட்டுக் காட்டுக்குப் போயிருவாரு. நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? நீ ஆஸ்டல்ல உக்காந்து நாயம் பேசறே" என்றார். அம்மா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அம்மாவுக்கு ஆள் வேண்டுமென்றால் அப்பாவிடமும் அத்தையிடமும் ஆளைக் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் மாத்திரையை அனுப்பினார்கள்.

டாக்டர் வந்து மூன்று அட்டையையும் வாங்கிப் பார்த்தார். இரண்டை உடனே அடித்துவிட்டார். மூன்றாவதை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று எழுதினார். பிறகு, இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். "எம் பொண்ணுங்க" என்றார் அம்மா. "இல்லைங்க, அப்பாருவப் பாத்துக்கிட்ட சௌமியா அக்கா" என்றேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அந்த இடம் இன்னும் வலிக்கிறது.

அக்கா, திரும்பி வந்துவிடுங்கள். நான் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

தனப்பிரியா


சேந்தமங்கலம்,
11.11.2024

தனப்பிரியாவுக்கு,

அப்பாரு விழுந்ததைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கால் நரம்பில் ரத்தம் கட்டாமல் இருக்கப் பாதத்தை முன்னும் பின்னும் அசைக்கச் சொல். மணிக்குப் பத்து தடவை. சோம்பேறித்தனம் பண்ணுவார், விடாதே.

நான் வர மாட்டேன். உன் அம்மா என் பையை வாசலில் கவிழ்த்துக் கொட்டியபோது என் உள்பாவாடையெல்லாம் மண்ணில் கிடந்தது. எதிர்வீட்டில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். ஒளிந்துகொள்ளப் பிடிக்காது என்று எழுதினாயே, உன் பாவாடை நுனி வெளியே தெரிந்தது.

உன் மன்னிப்பை வைத்து நான் என்ன செய்வது? மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நானாக நிறுத்தியது தப்பு. யார் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன். திருட்டை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் திருடவில்லை என்று ஏஜென்சிக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். குடும்பத்தினர் கையெழுத்தோடு. அதுதான் வேண்டும்.

சௌமியா


நாமக்கல் விடுதி,
24.11.2024

சௌமியா அக்கா,

கதவுக்குப் பின்னால் நின்றது உண்மை.

அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். "எழுதிக் குடுத்தா, புள்ளைங்களே மருந்தக் குடுத்துக் கெடுத்தாங்கன்னு ஆயிரும்" என்றார். ஆனதைத்தானே எழுதச் சொல்கிறேன் என்றேன். ரிக் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அம்மா அத்தையைக் கேட்கச் சொன்னார். அத்தை போனை எடுக்கவில்லை.

நானே எழுதினேன். சௌந்தர்யா வீட்டிலிருந்து ஏஜென்சிக்குப் போன் செய்தேன். பேசியவர் வயதைக் கேட்டார். பதினாறு என்றேன். பதினெட்டு ஆகாதவர் கையெழுத்து செல்லாதும்மா என்றார். மே மாதத்தில் முப்பத்தொரு நாளும் உங்கள் நோட்டில் செல்லுபடியான கையெழுத்து நவம்பரில் எப்படிச் செல்லாமல் போனது என்று கேட்டேன். மேலாளரிடம் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அதனால் நீல நோட்டையே உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மே 17ஆம் தேதிப் பக்கத்தில் நூல் கட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு மாத்திரையை அடித்த சீட்டின் நகலும், நான் எழுதிய கடிதமும் உள்ளே இருக்கின்றன. கடிதத்தை ஏற்காவிட்டாலும் நோட்டை அவர்கள் ஏற்றுத்தான் ஆக வேண்டும். அது அவர்கள் கொடுத்த நோட்டு. வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. அரையாண்டு விடுமுறைக்குப் போனதும் நானே சொல்வேன். அப்பா என்ன செய்வார் என்று தெரியும். சொல்வேன்.

நேற்று ஒரு நாள் விடுப்பில் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அப்பாரு பாதத்தை அசைக்கிறார். எட்டு தடவை அசைத்துவிட்டுப் பத்து என்கிறார். செய்தித்தாளைக் கொடுத்து, "மேட்டூர்ல எத்தன அடி?" என்று கேட்டார். சரியாகப் படித்தேன். பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டு, "செரைக்கற புள்ள எங்க?" என்றார். லீவுல போயிருக்குதுங்க என்றார் அம்மா. நான், "இல்லீங் அப்பாரு, திருடின்னு சொல்லித் தொரத்திட்டோம். சொன்னது நாந்தான்" என்றேன்.

என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கிளம்பும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை. தூங்கவில்லை அக்கா. முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார்.

உள்ளே இருக்கும் கடிதத்தை மூன்று தடவை படித்த பிறகே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடியில் கோடு இழுக்கவில்லை.

தனப்பிரியா