உள்ளதை உள்ளபடி காட்டும் திரை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, நான், சின்னவள் மூன்று பேரும் சுகம். நீயும் அங்கே சுகம் என்று நானே எழுதிவிடுவதுதான் வழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை, கேள்வியாகவே வைக்கிறேன், சுகமாக இருக்கிறாயா? போனில் கேட்டால் எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன் என்று சிரித்து மழுப்பிவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சின்னவளுக்கு லேப்டாப் வாங்கியாகிவிட்டது. பொம்மைப் படம் போடும் படிப்புக்குக் கேமிங் லேப்டாப்தான் தாங்கும் என்று நீ சொன்னதை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். விளையாடுகிற பெட்டியில் இவள் எங்கே படிக்கப்போகிறாள் என்று நான் முணுமுணுத்ததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீ அனுப்பிய வீடியோவில், வேகமெல்லாம் எல்லாத்துலயும் ஒண்ணுதான், ஸ்க்ரீன்லதான் ஏமாத்துவாங்க, ஒரே படத்த எல்லாத்துலயும் போட்டுப் பாருங்க என்று சொல்லியிருந்தாய் அல்லவா, அவள் அந்த வீடியோவையே பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அண்ணன் மூஞ்சியவிட வேற டெஸ்ட் எதுக்கு என்று கிண்டல் வேறு.

கடையில் வரிசையாக வைத்திருந்தார்கள், கீபோர்டெல்லாம் சிவப்பும் பச்சையுமாக மினுக்கிக்கொண்டு. விலை குறைந்த முதல் மாடலில் நீ வெளிறிப்போய் இருந்தாய், பக்கவாட்டில் நின்ற எனக்குச் சாம்பல் பூசினது போலத் தெரிந்தாய். அடுத்தது கண்ணாடி போலப் பளபளவென்று, நிறமெல்லாம் தூக்கலாக, எங்கள் முகங்களும் உன் முகத்தின் மேலேயே தெரிந்தன. அதில்தான் பார்த்தேன், உன் கண் மஞ்சளாக இருந்தது. அப்பாவும் பார்த்திருக்க வேண்டும், இந்த ஸ்க்ரீன் சரியில்ல, கலர அள்ளிக் கொட்டுது என்று நகர்ந்துவிட்டார். அதற்கடுத்ததிலும் அப்படியே இருக்கவும், கண் வலிக்காமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதி ஒன்று உண்டாமே, அதைப் போட்டிருக்கும், அணைத்துக் காட்டு என்று கடைப் பெண்ணைப் பிடுங்கி எடுத்தார். பொறுமைசாலிப் பெண், அணைத்துக் காட்டினாள். உன் பின்னால் சுவர் வெள்ளை, கையில் பிடித்திருந்த கோப்பை வெள்ளை, கண் மட்டும் மஞ்சள். கடைசியாக, போட்டோக்காரர்கள் விரும்பி வாங்குவார்களாம், வெளிச்சம் பட்டாலும் மினுங்காத திரை, இது உள்ளத உள்ளபடி காட்டும் சார் என்றாள். அதில் உன் வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தோம். உன் கன்னம் ஒட்டிப்போயிருப்பதும் அதில்தான் தெரிந்தது.

இந்த மஞ்சள் எனக்குப் புதிதல்ல. என் தம்பி, உன் மாமா, கடைசியில் இப்படித்தான் இருந்தான். குடிய விட்டாச்சுக்கா, லைட்டு அப்படித் தெரியுது என்று அவனும் சிரித்தான். நாங்கள் பக்கத்து அறையில் இருந்தும் அவனை டாக்டரிடம் கூட்டிப்போக முடியவில்லை. நீ இருக்கிற தூரத்துக்கு நான் எந்தக் கையை நீட்டுவேன்? நான் சொல்லி நீ போவாய் என்ற நம்பிக்கை எனக்கில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அப்பா அந்த முதல் மாடலையே வாங்கிவிட்டார். சின்னவள் போடும் படமெல்லாம் அங்கே காலேஜ் கம்ப்யூட்டரில் வேறு நிறமாகத் தெரிகிறதாம், திட்டு வாங்கிக்கொண்டு வருகிறாள். எதையும் வாய் திறந்து கேட்காதவள் என்றுதான் உனக்குத் தெரியுமே, ஏன் இதை வாங்கினீர்கள் என்று இப்போதும் கேட்கவில்லை.

டாக்டரைப் பார், ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள். தனியாகச் சமைத்துச் சாப்பிட அலுப்பாக இருந்தாலும் பட்டினி கிடக்காதே. நீண்ட ஆயுளோடு இரு என்று எல்லாக் கடிதத்திலும் ஒப்புக்கு எழுதுவேன், இதில் கெஞ்சி எழுதுகிறேன், இருடா கண்ணா.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே, அப்பாவிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்காதே. கடையில் நான் வாசலுக்குப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் மெதுவாக, எதுல மஞ்சள் தெரியலயோ அதையே குடும்மா என்றார். தினமும் காலையில் அதில் உன் வீடியோவைப் போட்டு, பாரு, பையன் நல்லாத்தான் இருக்கான் என்கிறார். நானும் ஆமாம் என்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா