வலது பின் இருக்கை

ஹூசாவிக்,
கோடையின் முதல் நாள்

அன்பு மகள் சால்காவுக்கு அம்மா எழுதுவது. ஹோபார்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி எம்ப்லாவும் நல்ல சுகம் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்பால் குறையில்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். காலண்டரில் இன்று கோடை பிறந்துவிட்டது, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, ஊர்ப் பிள்ளைகள் கொடியைப் பிடித்துக்கொண்டு மூக்கு சிவக்க ஊர்வலம் போய் வந்தார்கள். நீ அனுப்பிய தேன் வந்து சேர்ந்தது, அப்பா அதை ஸ்கிர் தயிரில் ஊற்றிப் பாதியைக் காலி செய்துவிட்டார். அவருடைய முழங்கால் வலி, வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து இப்போது முதுகுக்கும் ஏறிவிட்டது. டாக்டரிடம் போ என்றால், "டீசல் வாசனை பட்டா மூட்டுவலி தானா போயிரும்" என்கிறார். நீ சொல்லிப் பார், உன் பேச்சையாவது கேட்கிறாரா என்று பார்க்கிறேன்.

போன வாரம் திரையில் பேசும்போது, அப்பா வண்டியைச் சுற்றிக் காட்டத் தொடங்கியதும் அம்மா ஏன் எழுந்து போகிறாள் என்று கேட்டாய். அடுப்பில் மீன் இருக்கிறது என்றேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது, நீயும் எம்ப்லாவும் மட்டும் ஜூலையில் வருகிறீர்கள், அந்த வண்டியில் நடு மேட்டுநிலத்தைக் குறுக்காகக் கடந்து பனியாற்றின் மறுபக்கம் வரை போகலாம் என்று நீயும் அப்பாவும் திட்டம் போட்டிருக்கிறீர்கள். நானும் வருகிறேனா என்றதற்குப் பார்க்கலாம் என்றேன். நான் வருவது இருக்கட்டும், உன்னையும் குழந்தையையும் அதில் ஏற விடுவதா வேண்டாமா என்றுதான் ஈஸ்டரிலிருந்து மனதுக்குள் போராடிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எப்படி வந்தேன் என்று சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னால் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பாய், அதனால் பொறுமையாகப் படி.

அந்த வண்டியை அப்பா தேடிப் போகவில்லை, அதுதான் எங்களைத் தேடி வந்தது. பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கி மேட்டுநிலப் பயணத்துக்குத் தயார் செய்யப்போகிறேன் என்று அவர் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம், க்ராக்கா மேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வால்கெர்த் என்ற அம்மாள் போன் செய்தார். கணவர் இங்வார் இறந்து வருடம் திரும்பவில்லை, அவர் இளவயதில் புதிதாக வாங்கி ஆயுள் முழுக்க ஓட்டிய நீள ஜீப் கொட்டகையில் நிற்கிறது, கேட்டு வந்தவர்கள் யாருக்கும் தரவில்லை என்றார். அவர் அப்பாவிடம் கேட்டது ஒன்றுதான், "உங்க வீட்டம்மா ஹோல்ட் பண்ணைப் பொண்ணுதானே?" ஆமாம் என்றதும், "அப்ப எடுத்துட்டுப் போங்க. ஆனா வலது பக்கம் பின்னாடி இருக்கிற சீட்டை மட்டும் கழட்டக் கூடாது" என்றாராம். அப்பா தலையாட்டிவிட்டு வண்டியைக் கொண்டுவந்தார். உனக்குத்தான் தெரியுமே, அவர் தலையாட்டினால் காதில் விழுந்தது என்று அர்த்தம், ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை.

குளிர்காலம் முழுக்க அவர் கொட்டகையிலேயே குடியிருந்தார். சாலை உப்பு தின்றுபோன அடித்தகட்டை அறுத்தெடுத்துப் புதிய இரும்பு வைத்து வெல்டிங் அடித்தார். சக்கரத்துக்கு மேலே இருந்த வளைவுகளை வெட்டி அகலமாக்கி, என் இடுப்பு உயரத்துக்கு டயர் மாட்டினார், ஆழப் பனியில் காற்றை இறக்கிவிட்டால் புதையாமல் மிதந்து போகுமாம். ஆற்றில் இறங்கும்போது எஞ்சின் மூச்சுவிட கூரைவரை ஒரு குழாய், பின்னால் படுக்க ஒரு பலகை, குழந்தைக்குக் குளிராமல் இருக்க ஒரு ஹீட்டர். மேட்டுநிலத்தில் டீசல் கிடைக்காது, இரண்டாவது டேங்க் வேண்டும், அதற்கு இடம் வலது பின் இருக்கைதான் என்று முடிவு செய்து ஒரு காலையில் அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டார். நான் அந்த அம்மாள் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "சீட்டுக்கு என்ன தெரியும், இரும்பும் துணியும்தானே" என்றார். வண்டி முழுக்க ஆட்டு ரோமமும் வைக்கோலும் அப்பிக் கிடந்தது, அந்த ஓர் இருக்கையின் துணி மட்டும் கடையிலிருந்து வந்தது போலவே இருந்தது. அதை நான் பார்த்தேன்.

புது ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தரையில் இறக்கியபோது வலது பின்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்து நின்றது. டேங்க் காலியாகத்தான் இருந்தது. ஸ்பிரிங் சரியில்லை என்று இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டார், அப்படியே நின்றது. தரை கோணலா என்று மட்டம் வைத்துப் பார்த்தார், தரை நேராக இருந்தது. மீட்புக்குழு நண்பர் ஒருவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பின்னாடி ஒரு ஆளு உக்காந்திருக்கிற மாதிரியில்ல இருக்கு, சிக்வால்டி. டிக்கெட் வாங்கினியா?" என்று சொல்ல இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலது பின்கதவு வேறு காலையில் போய்ப் பார்த்தால் திறந்து கிடக்கும். அப்பா தாழ்ப்பாளை மாற்றினார், பிறகும் திறந்தது. ஒரு நாள் மத்தியானம் நானே கை வைத்து அழுத்தி மூடிவிட்டுத் திரும்பினேன், சமையலறை வாசலை எட்டுவதற்குள் முதுகுக்குப் பின்னால் க்ளிக் என்று சத்தம் கேட்டது. அன்றிலிருந்து கொட்டகைப் பக்கம் தனியாகப் போவதை விட்டுவிட்டேன்.

ஈஸ்டருக்கு அந்த அம்மாள் எண்ணெயில் பொரித்த க்ளெய்னா ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு வண்டியைப் பார்க்க வந்தார். சுவரோரம் பெயிண்ட் டப்பாக்களைத் தாங்கிக்கொண்டிருந்த இருக்கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "கழட்டிட்டாரா" என்று மட்டும் கேட்டார். உள்ளே கூட்டிவந்து காப்பி ஊற்றினேன். அவர் சொன்னதை எழுதுவதற்கு முன் உனக்கு இரண்டு விஷயம் நினைவுபடுத்த வேண்டும்.

ஒன்று, உன் ஆரி மாமா. என் அண்ணன், மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவன், நடுக்குளிர்கால விருந்துக்கு வீட்டுக்கு வரும்போது க்ராக்கா மேட்டுப் புயலில் கார் பனியில் புதைந்து, நடந்து வந்து, விறைத்துச் செத்துப்போனான். வழி தவறிவிட்டான் என்று ஊர் சொன்னது, உனக்கும் அப்படித்தான் சொல்லி வைத்தேன். அவன் வழி தவறவே இல்லை, சால்கா. சாலையோரத்தில் பாதை காட்டும் மஞ்சள் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில்தான் கிடைத்தான். அந்த வழியில் ஒரு வண்டி கூடவா வரவில்லை என்று என் அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்று, அந்த மேட்டைக் கடக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவோமே, நீ பின்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் ஆட்டுவாயே, அது. அந்தக் காலத்தில் யாரும் வீட்டுக்குள் விடாமல் அங்கே குளிரில் செத்த வேலையாள், மேட்டுக்காரன் என்போம், புயலில் வெள்ளையாகப் பேய் உருவில் வழியோரம் நிற்பானாம். மரியாதைக்குக் கை காட்டலாம், ஆனால் நிறுத்தக் கூடாது, ஏறிவிட்டால் வண்டிக்காரன் குடும்பத்தை விட்டு ஒன்பது தலைமுறைக்கு இறங்க மாட்டான். சிரித்துக்கொண்டேதான் சொல்வோம், ஆனால் யாரும் அங்கே வண்டியை நிறுத்தியதில்லை.

வால்கெர்த் காப்பியைத் தொடாமல் சொன்னார். "அன்னிக்குப் புயல்ல எங்க வீட்டுக்காரரு இந்த வண்டியில மேட்டைத் தாண்டி வந்தாரு. கம்பத்துக்குப் பக்கத்துல தலையிலேர்ந்து கால்வரைக்கும் வெள்ளையா ஒருத்தன் நிக்கிறதப் பாத்தாரு. அவன்தான்னு நெனச்சு ரெண்டு விரலைக் காட்டிட்டு மிதிச்சு வந்துட்டாரு. வீட்டுக்கு வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, மேட்டுக்காரனப் பாத்துட்டேன், அவனும் எனக்குத் திருப்பிக் கை காட்டினான்னு. மறுநாள் ரேடியோவுல உங்க அண்ணன் சேதி வந்துது. அதுக்கப்புறம் அவரு சிரிச்சு நான் பாக்கல." அந்த இருக்கையில் தம் பிள்ளைகளைக் கூட அவர் உட்கார விட்டதில்லையாம். மேட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கம்பத்தருகே நிறுத்தி, இறங்கி, வலது பின்கதவைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாராம். "ஏறினானான்னு ஒரு தடவ கேட்டேன். வண்டியப் பாரு தெரியும்னாரு. சாகும்போது, இத ஹோல்ட்காரங்ககிட்ட சேத்துருன்னு சொல்லிட்டுப் போனாரு. நேர்ல வந்து சொல்ல எங்க ரெண்டு பேருக்கும் தைரியம் வரலம்மா."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த அம்மாளின் முன்னால் இருந்த கோப்பையை எடுத்துக் கொட்டிவிட்டு, "கிளம்புங்க" என்றேன். வயதானவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். அப்பாவிடம் வண்டியைத் துறைமுகத்தில் தள்ளிவிடு என்றேன். குளிர்காலம் முழுக்க அதில் உயிரை விட்ட மனிதர், "தள்ளிடலாம். ஆனா நீயும் ஒரு கை குடுக்கணும், இந்த முட்டிய வச்சுக்கிட்டுத் தனியா முடியாது" என்றார்.

அந்த வீம்போடு ஒரு வாரம் இருந்தேன். பிறகு கோபம் மேலே போக வழியில்லாமல் நின்றுவிட்டது. புயலில் அந்தக் கம்பத்தருகே வெள்ளையாக ஓர் உருவத்தைப் பார்த்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேனா? என் அம்மா நிறுத்தியிருப்பாரா? நம் பக்கத்தில் யார் நிறுத்தியிருப்பார்கள்? அவன் திருப்பிக் கை காட்டினானே, அதுதான் என்னை விடவில்லை. நிறுத்தச் சொல்லிக் காட்டினானா, இல்லை அவனும் நம்மைப் போல வளர்ந்தவன்தானே, வண்டிக்காரன் கை காட்டினான் என்று பழக்கத்தில் பதிலுக்குக் காட்டினானா? இதை யாரிடம் போய்க் கேட்பது? ஒரு காலை கொட்டகையில் ஸ்பானர் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், அப்பா டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, அந்த இருக்கையைப் பழைய இடத்தில் முடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை.

போன ஞாயிறு இருவரும் மேட்டுக்குப் போனோம். லேசான பனி, காற்று இல்லை. கம்பம் மாற்றியிருந்தாலும் இடம் எனக்குத் தெரியும். நான் இறங்கி வலது பின்கதவைத் திறந்தேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், "ஏறு ஆரி, எல்லாரும் சாப்பிடாம உனக்காகக் காத்திருக்காங்க" என்று வந்தது. அப்பா முன் டயரைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். கை மரத்துப்போகும்வரை நின்றுவிட்டு மூடினேன். பிறகு மேட்டிலிருந்து இறங்கி ஹோல்ட் பண்ணைக்கே ஓட்டச் சொன்னேன், அவன் வர நினைத்த இடம் அதுதானே. கூரை விழுந்துவிட்டது, ஆட்டுக்கொட்டில் மட்டும் நிற்கிறது. வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்து, "வீடு வந்துருச்சு, இறங்கு" என்றேன். அப்பா ஃபிளாஸ்கிலிருந்து மூன்று பேருக்குக் காப்பி ஊற்றினார். இரண்டைக் குடித்தோம், மூன்றாவது பானெட்டின் மேல் ஆறியது.

அதன் பிறகு அவர் மடக்குக் கோலை எடுத்துக்கொண்டு, அந்த முழங்காலோடு பனியில் மண்டியிட்டு, பின் சக்கரத்துக்கு மேலே இடதும் வலதும் அளந்தார். இரண்டாம் முறையும் அளந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதே ரெண்டு விரல்தான். இறங்கல" என்றார். நான் வீட்டைப் பார்த்தேன். அடுப்பில்லை, ஆளில்லை, நரைத்த தலையோடு ஒரு கிழவி வாசலில் நின்று நான்தான் உன் தங்கை என்கிறாள். எதற்கு இறங்குவான்? படகு வேலையில் சம்பாதித்து ஒரு ஜீப் வாங்கிப் பனியாற்றின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன். "பரவால்ல, வரட்டும். கதவ மூடு" என்றேன். அன்றிலிருந்து அந்தக் கதவு தானாகத் திறப்பதில்லை.

ஆகவே என் முடிவு இதுதான்: நீங்கள் வாருங்கள், நானும் வருகிறேன். ஒன்பது தலைமுறைக்கு இறங்க மாட்டானாம், இருக்கட்டுமே, நம் வீட்டுப் பிள்ளை நம்மோடு இருப்பதற்குக் கணக்கு எதற்கு? டேங்குக்குப் பதிலாக அப்பா வண்டியின் பின்புறத்தில் டீசல் கேன்கள் மாட்டிவிட்டார். வால்கெர்த்துக்கு நேற்று போன் செய்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, ஜூலையில் திரும்பும் வழியில் காப்பிக்கு வருகிறோம் என்று மட்டும் சொன்னேன்.

எம்ப்லாவுக்குக் காதை மூடும் கம்பளித் தொப்பி கட்டாயம் எடுத்து வா, ஜூலை என்று நம்பி வந்துவிடாதே. இந்தக் கதையெல்லாம் அவளுக்கு இப்போது வேண்டாம். அவள் தானாகக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். கடல் கடந்து வரும் வழியெல்லாம் உங்களுக்குக் காற்று சாந்தமாக இருக்கட்டும், போகும் பாதையெல்லாம் கதவு திறந்திருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. குழந்தையின் சீட்டை இடது பக்கம் மாட்டுகிற மாதிரி பார்த்து எடுத்து வா. நீ நடுவில் உட்கார்ந்துகொள். வலது பக்கம் ஆள் இருக்கிறது.

உன் அம்மா,
ஸ்டெய்னுன்