பாதி மலையில் எடுத்த படம்

டிசம்பர் 14, ஞாயிறு

பீரோவிலிருந்து சிவப்பு ஸ்வெட்டர்கள் இறங்கிவிட்டன. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குடும்பமாகச் சாவன்துர்கா மலை ஏறுவது, உச்சியில் நால்வரும் நின்று படம் எடுப்பது, அதையே புத்தாண்டு வாழ்த்தாகச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவது — டாடி ஆரம்பித்த பழக்கம். புத்தகங்களில் மலை ஏறுகிறவர்கள் எதையாவது கண்டடைகிறார்கள். எங்கள் வீட்டில் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார்கள்.

மம்மிக்குச் சர்ச் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. டாக்டரிடம் போகலாம் என்றேன். "கிறிஸ்துமஸ் பலகாரம், கல்கல் பொரிச்சு முடிக்கிறேன்டி, அப்புறம் பாக்கலாம்," என்றாள்.

டிசம்பர் 19

சாப்பிடும்போது சொல்லிப் பார்த்தேன். "இந்த வருஷம் மம்மி கார்லயே இருக்கட்டும் டாடி."

"அவ இல்லாத படத்தை அனுப்பினா டோரதி அக்கா சும்மா இருப்பாளா? எங்களுக்குள்ள சண்டைன்னு சர்ச் முழுக்கச் சொல்லிடுவா."

"கயிறு கட்டி இழுத்துக்கலாம், விடு," என்றான் தம்பி லாயிட். மம்மியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 22

பனி. எதிர்வீடு தெரியவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போட மம்மி என்னை அனுப்பினாள். இதுவரை அனுப்பியதே இல்லை.

டிசம்பர் 26

பாதி மலையில், இடிந்த கோட்டைச் சுவரைத் தாண்டியதும் மம்மி உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல, கேஸ்."

இறங்கிவிடலாம் என்றேன். டாடி சுற்றிலும் பார்த்தார். "இங்கயே எடுத்துடலாம். பின்னால வானம் மட்டும் வர்ற மாதிரி நில்லுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

பெரிய மனதோடு விட்டுக்கொடுப்பதாக நினைத்துதான் சொன்னார். மம்மியை எழுப்பி நிறுத்தினோம். ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். சிரித்தேன் வேறு.

பிறகு டாடியும் லாயிடும் உச்சிக்குப் போனார்கள். எப்படிப் போக முடிந்தது?

"போகட்டும் விடுடி. வருஷத்துக்கு ஒரு நாள்," என்றாள் மம்மி.

சீ.

ஜனவரி 1

"மௌரீனுக்கு மட்டும் வயசே ஆகல" — படத்தில் மம்மியைப் பார்த்துவிட்டு டோரதி அத்தை அனுப்பியது. டாடி எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

ஜனவரி 5

நேற்று சர்ச்சில் பூசையின்போது மம்மி மயங்கி விழுந்தாள். இன்று இதய டாக்டரிடம்.

"மூச்சு வாங்காம எவ்வளவு தூரம் நடப்பீங்க?" மம்மியிடம்தான் கேட்டார்.

டாடி முந்திக்கொண்டார். "நடக்கறதா? பத்து நாள் முன்னாலதான் சாவன்துர்கா உச்சி வரைக்கும் ஏறினா டாக்டர்."

பொய் சொல்கிற முகமே இல்லை. அத்தனை பேர் பாராட்டியதில் அவரே நம்பிவிட்டிருக்கிறார். டாக்டர் எழுதத் தொடங்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் மம்மி:

"இல்ல டாக்டர். பாதியிலயே உக்காந்துட்டேன். அதுக்கு முந்தின வருஷம் ஏறும்போதே நெஞ்சு வலிச்சுது. சொன்னா இவருக்குப் பிடிக்காது."

டாடியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள். வியாழக்கிழமை ஆஞ்சியோகிராம்.

ஜனவரி 6

டாடி தனியாக வாக்கிங் போய் வந்தார். வழக்கமாக அவர் கேட்டைத் திறக்கும்போதே காபி அடுப்பில் ஏறிவிடும். இன்று மம்மி கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"மௌரீன், காபி?"

"பால் ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

காபித்தூளைத் தேடி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை.