சீனி சரியாகத்தான் இருந்தது

பெப்ரவரி 9, ஞாயிறு

மஸ்கெலியாவுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். இரத்தச் சீனி இந்த மாதமும் சரி. சோற்றைக் குறைத்துவிட்டாள். தேத்தண்ணீரில் சீனி இல்லை. தோட்டத்து லயத்தில், வீட்டு வாசலில் வெற்றிலை மென்றபடி சொன்னாள்: "வாத்தியார் புள்ளய பெத்தா வாயக் கட்டணும்." தங்கை யூஜினா சிரித்தாள். நானும். ஹட்டன் பஸ்ஸில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெப்ரவரி 21, வெள்ளி

அம்மா தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரி. மாரடைப்பு.

பெப்ரவரி 22, சனி

பிழைத்துவிட்டாள்.

ஆனால் எப்படி? சீனி சரியாகத்தானே இருந்தது.

பெப்ரவரி 24, திங்கள்

டொக்டர் கேதீஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமையாகச் சொன்னார். "சீனி கட்டுப்பாட்டிலதான் இருக்கு. ஆனா உடம்புக்குள்ள கன காலமா அழற்சி இருந்திருக்கு. நீரிழிவுக்காரருக்கு அது இரத்தக் குழாயின்ர சுவரைக் கெதியாப் பழுதாக்கும். முரசெல்லாம் வீங்கிச் சீழ் பிடிச்சுக் கிடக்கே, உங்களுக்குத் தெரியாதா? அது மட்டும்தான் காரணம் எண்டு சொல்ல மாட்டன். ஆனா அதுக்கும் பங்கிருக்கு."

முரசு என்றால் ஈறு. அது வீங்கிக் கிடந்தது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமையிலிருந்து வெற்றிலை இல்லை. அம்மாவின் எச்சில் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.

யூஜினாவை நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ரெண்டு வருஷமா ரத்தம் வருதுண்ணே. தலவாணி ஒறய நாந்தான் தொவைப்பேன். வெத்தல போட்டிருந்தா தெரியாதில்ல... ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கிட்டாங்க."

பைபிள் மேல். இரண்டு பேரும் சேர்ந்து. ஒவ்வொரு முறையும் என் முன்னால் சிரித்துக்கொண்டு.

பெப்ரவரி 25, செவ்வாய்

பள்ளிக்கூடம் போனேன். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

கேட்டுவிட்டேன். ஏன் மறைத்தாய்?

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சொன்னா வெத்தலய புடுங்கிருவ. சோத்த புடுங்கின. சீனிய புடுங்கின. கிறிஸ்மஸ் கேக்குல ஒரு துண்டு வாயில வச்சேன், அதயும் புடுங்கின. எல்லாத்துக்கும் சரின்னேன்ல? அந்தக் குளிர்ல நிக்கிறப்ப வாயில எனக்குன்னு ஒன்னு வேணாமா?"

"ஒன் உசுருக்காகத்தானேம்மா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? என்னய என்னான்னு நெனச்சீங்க ரெண்டு பேரும் — மகனா, பொலிஸா?" என்று கத்தினேன்.

"சத்தம் போடாத சுகந்தா. வார்டே பாக்குது."

பார்க்கட்டும்.

மார்ச் 15, சனி

அம்மாவின் பற்களை எடுத்துவிட்டார்கள். ஈறு ஆறின பிறகுதான் கண்டியில் பைபாஸ் செய்வார்களாம். உடம்பில் எங்கும் கிருமி இருக்கக் கூடாதாம். நான் போகவில்லை. யூஜினா படம் அனுப்பியிருந்தாள். திறக்கவில்லை.

திறந்தேன். யாரோ மாதிரி இருக்கிறாள்.

மார்ச் 30, ஞாயிறு

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். வெற்றிலை போடுவதில்லை என்கிறாள் யூஜினா. அதை நான் எப்படி நம்புவது? அவள் சொன்னால் நான் எதை நம்புவது?

ஏப்ரல் 12, சனி

இன்றும் போகவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மே நடுவில் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருக்கிறது.

மத்தியானம் யூஜினாவின் போனிலிருந்து அழைப்பு. பேசியது அம்மா. பல் இல்லாத வாயில் சொற்கள் காற்றாக வந்தன.

"தம்பி, பைப்படியில கால்ல அட்ட கடிச்ச எடம் ஆறல. சீழ் வக்கிது. யூஜிக்கே இன்னும் சொல்லல. ஒங்கிட்டத்தான் மொதல்ல சொல்றேன்."

எத்தனை நாளாக என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"லைன்ல இருக்கியா? திட்டலயா?"

"சப்பாத்துக்குள்ள கால விட்டுக்கிட்டு இருக்கேம்மா."