வலது கை

பாப்பிரெட்டிப்பட்டி
12.2.1984

அன்புள்ள தெரசா அண்ணிக்கு,

உங்கள் தம்பியைச் சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்து மூன்று வாரம் ஆகிறது. தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து தலையில் பட்ட அடிக்கு, உயிர் தங்கியதே மாதா செய்த உபகாரம் என்கிறார்கள். சுவரைப் பிடித்து நாலடி நடக்கிறார். வார்த்தை ஒவ்வொன்றாக வருகிறது. பழசு எதுவும் நினைவில்லை; நேற்று நடந்ததும் இன்று தங்குவதில்லை. வலது கைதான் விறகுக்கட்டை மாதிரி கிடக்கிறது.

நேற்று கஞ்சி ஊட்டும்போது, "நீ சாப்ட்டியா?" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. யாரோ ஒருவர் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

நீங்கள் நர்ஸ். என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கள்.

சகாயமேரி

பெங்களூர்
1.3.1984

அன்புள்ள சகாயம்,

உன் கடிதத்தை வார்டிலேயே படித்து அழுதுவிட்டேன். முதல் ஆறு மாதம்தான் முக்கியம் என்று இங்கே டாக்டர் சொல்கிறார். கையைத் தினம் மூன்று வேளை மடக்கி நீட்டிவிடு. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடு. சலித்துக்கொள்ளாதே. என் தம்பி பழையபடி முழுசாக எழுந்து வரவேண்டும்.

தெரசா

பாப்பிரெட்டிப்பட்டி
20.6.1984

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் அனுப்பிய மாத்திரை கிடைத்தது. இப்போது தடி ஊன்றிக் கோயில்வரை போய்வருகிறார். முன்பு அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும் நம் ராஜமேரி, இப்போது அப்பா மடியிலேயே தூங்குகிறாள். "உம் புருஷன் பழையபடி ஆயிருவாரு, கவலப்படாத" என்று பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் சொல்லும்போதெல்லாம் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விடுகிறேன்.

கை மட்டும் அப்படியேதான்.

சகாயமேரி

பெங்களூர்
2.7.1984

அன்புள்ள சகாயம்,

கால் வந்தது, பேச்சு வந்தது. கை ஏன் வரவில்லை? டாக்டருக்கும் புரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே, பயிற்சி கொடுக்கிறாயா?

தெரசா

பாப்பிரெட்டிப்பட்டி
16.7.1984

அண்ணி,

இல்லை. மார்ச்சிலேயே நிறுத்திவிட்டேன். ஒருநாள் அவர் விரல்கள் என் கையை இறுக்கிப் பிடித்தன. அன்றோடு விட்டேன்.

அந்தக் கை என் காதில் விழுந்த வருஷம் நீங்கள் ஊருக்கு வந்திருந்தீர்கள். கிணற்றுப் படியில் வழுக்கிவிட்டேன் என்றேன். "பாத்து நடக்கக் கூடாதா?" என்று நீங்களே மருந்து வைத்தீர்கள். அந்தக் காது இன்றுவரை கேட்பதில்லை.

நான் விட்டாலும் அவர் விடவில்லை. நான் காட்டு வேலைக்குப் போனபிறகு, இடது கையால் வலது கையைத் தூக்கித் தூக்கிப் பழகியிருக்கிறார். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை சோறு போடக் குனிந்தேன். அந்தக் கை எழுந்து என் தலைப்பக்கம் வந்தது. தட்டைப் போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் விரலில் ஒரு வைக்கோல் துணுக்கு. என் முடியிலிருந்து எடுத்திருக்கிறார்.

"ஏன் பயப்படற? நான் உன்ன அடிச்சிருக்கனா?"

"ஆமாங்க."

ரொம்ப நேரம் அழுதார். காலையில் எல்லாம் மறந்துபோயிற்று. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் ஏதோ உறுத்தி, அதையே கேட்டார். தினமும் கேட்கிறார். தினமும் ஆமாம் என்கிறேன். தினமும் புதிதாக அழுகிறார்.

பழைய ஆள் எங்கே போனார், அண்ணி? போய்விட்டாரா, உள்ளேயே இருக்கிறாரா?

சகாயமேரி

பெங்களூர்
25.7.1984

சகாயம்,

உனக்கு எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். கிணற்றுப் படி அப்படி ஒரு காதை மட்டும் கிழிக்காது என்று நர்ஸுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் மருந்து வைத்தேன். எங்கள் அப்பாவின் கையைப் பார்த்து வளர்ந்தவள் நான். தம்பியாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.

இனி அந்தக் கையைப் பற்றிக் கேட்கமாட்டேன். பயிற்சி கொடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம். நீயும் ராஜமேரியும் எப்போது வந்தாலும் இங்கே உங்களுக்கு இடம் உண்டு.

தெரசா

பாப்பிரெட்டிப்பட்டி
19.8.1984

அன்புள்ள அண்ணிக்கு,

இப்போதைக்கு வரவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஒருநாள் அவர் கேட்பதற்கு முன்னால், அடித்ததை நானே சொல்லிவிட்டேன். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, "இது வேணாம், இப்பிடியே கெடக்கட்டும்" என்றார்.

"எத்தினி நாளைக்கு நான் ஊட்டறது? எடுத்துச் சாப்புடுங்க" என்றேன்.

அன்றிலிருந்து வலது கையாலேயே சாப்பிடப் பழக்குகிறேன். பாதிச் சோறு சிந்துகிறது. தட்டை வைத்துவிட்டு, அந்தக் கை எட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அவரும் கிட்டே வா என்று கூப்பிடுவதில்லை.

சகாயமேரி